கிரேன் மாலை

இந்தக் கதையில் வரும் கிழமைகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. செவ்வாயில் தொடங்கி வெள்ளியில் முடிந்தது. ஆனால் யார் எதை முதலில் சொன்னார்கள், பேருந்தில் ஏறியவர்கள் நாற்பது பேரா ஐம்பது பேரா, மாலை தொங்கிக்கொண்டிருந்தபோது காற்று அடித்ததா என்பதெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அன்று அங்கே இருந்தவர்களிடம் மறுபடி கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தமிழ்வாணன் ஒருவர்தான் எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி சொல்வார். அதனாலேயே அவர் சொல்வதை முழுக்க நம்பலாமா என்றும் யோசனையாக இருக்கிறது. இருந்தாலும் அவர் பக்கத்தில் நின்றே சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழ்வாணன் அப்போது செங்கமலம் கலை அறிவியல் கல்லூரியில் வரலாற்று உதவிப் பேராசிரியர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே ஒரு கிலோமீட்டர் போனால் கல்லூரி. ஊரப்பாக்கத்தில் அவருக்கு வாடகை வீடு. காலையில் மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து கல்லூரிப் பேருந்தில் போவார். பதினோரு வருடங்களாக அதே ரயில், அதே பேருந்து. ரயிலில் புத்தகம் படிப்பார். பேருந்தில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பில்கூட ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பார். பையன்கள் அந்த இடைவெளியைக் கைப்பேசியில் விநாடி வைத்து அளப்பார்கள். பதினான்கு விநாடிதான் அதிகபட்சம் என்று பேச்சு.

கல்லூரியின் சேர்மன் கண்ணாயிரம். விவசாயக் குடும்பம். ஒரு லாரியில் ஆரம்பித்து, பன்னிரண்டு லாரியாக்கி, பிறகு நிலத்தை விற்றும் வாங்கியும் பெரிய ஆளாகி, பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் அம்மா பெயரில் கல்லூரி கட்டினார். முன்னால் எல்லோரும் 'ஐயா' என்பார்கள். பின்னால் 'மகாராஜா'. கல்லூரிக்கு 'சமஸ்தானம்' என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பதிலும் தகராறு உண்டு.

சமஸ்தானத்தில் ஒரு வழக்கம். வேலைக்குச் சேருகிறவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம் வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் சேர்மன் அறையில் இருக்கும் இரும்பு அலமாரியில் ஒப்படைத்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் திரும்ப வாங்க முடியும். இது சட்டத்தில் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் இப்படித்தான் என்பதால் யாரும் கேட்டதில்லை.

கொஞ்ச காலமாக சமஸ்தானத்துக்கு நாள் சரியில்லை. மூவாயிரம் பிள்ளைகள் படித்த இடத்தில் எழுநூறு பேர் இருந்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்தாற்போல் 'செங்கமலம் பேலஸ்' என்று ஒரு கல்யாண மண்டபத்தைச் சேர்மன் கடன் வாங்கிக் கட்டியிருந்தார். கல்லூரிக் கட்டணம் அங்கே போய் பளிங்காக மாறிவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. கேட்டால் "அடுத்த வாரம்" என்று பதில் வரும்.

அந்த வாரம்தான் தமிழ்வாணனுக்கு அரசுக் கல்லூரி வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சென்னையில் அசல் சான்றிதழ்களோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். எத்தனையோ வருடம் கழித்து நடக்கும் தேர்வு. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியில் இன்னொருவருக்கும் அதே வெள்ளிக்கிழமை அழைப்பு வந்திருந்தது. தமிழ்த் துறைப் பூங்கொடி. பேருந்தில் எதிர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து இருவரும் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க சார். தெரிஞ்சா அலமாரிச் சாவிய கடல்ல போட்டுருவாரு."

"சொல்லமாட்டேன்."

அவர் சொல்லவில்லை. கதையே அதுதான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாமாண்டு வகுப்பில் அவர் பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய கஜானாவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காக்காரன் விடுதலைக்குப் பணத்தைக் கொட்டிப் பதினாறாம் லூயியின் கஜானா வற்றிவிட்டது. பிரபுக்களும் மதகுருக்களும் பெரும்பாலான வரிகளைக் கட்டமாட்டார்கள். கட்டுகிறவனிடம் கறக்க இனி ஒன்றும் இல்லை. கடன் வாங்கினால்தான் அரண்மனை நடக்கும். கடன் கொடுக்கிறவனுக்கு நம்பிக்கை வர வேண்டும்.

"அப்போ நிதியப் பார்த்துக்கிட்ட நெக்கர் ஒரு காரியம் பண்ணாரு," என்றார் தமிழ்வாணன். "ராஜாவோட வரவு செலவ அச்சடிச்சு வெளியிட்டாரு. அதுக்கு முன்னாடி ராஜா வீட்டுக் கணக்க ஜனங்க பார்த்ததே இல்ல. செலவெல்லாம் போக ஒரு கோடி லிவர், அதாவது அந்த நாட்டுக் காசு, மிச்சம்னு அதுல இருந்துச்சு. நெஜத்துல பெரிய துண்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. போர்ச் செலவ சிறப்புச் செலவுன்னு தனியா ஒதுக்கிட்டு, வழக்கமான செலவ மட்டும் காட்டினாரு. புத்தகம் அப்படி வித்துச்சு. கடனும் கிடைச்சுச்சு. ஆனா..."

நிறுத்தினார். சன்னலுக்கு வெளியே பார்த்தார். பையன்கள் அளக்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது விநாடியில் மணி அடித்துவிட்டது.

"மீதி நாளைக்கு," என்றார்.

வகுப்பின் மூலையில் கேமரா இருந்தது. அதில் சத்தமும் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், மறந்தும் போகும். மதியம் சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார்.

சேர்மன் அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி. மீன்கள் செத்துப்போய் மாதக்கணக்காகியும் தொட்டியில் காற்றுக் குமிழி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் இரும்பு அலமாரி. அதற்கு மேலே செங்கமலத்தம்மாள் படம்.

"உன் கிளாஸ போன்ல பார்த்துகினு இருந்தேன்யா. நல்லா சொல்ற. அந்த மந்திரி பேரு இன்னா?"

"நெக்கர், ஐயா."

"மூளைக்காரன். ஒரு பேப்பர்ல ஊரு வாய மூடிட்டான் பாரு." கண்ணாயிரம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "வியாயக்கெழம நிறுவனர் நாளு. பேரன்ட்ஸ் வராங்க, பேங்க்கு மேனேஜர் வராரு. இங்க ஒண்ணும் இல்ல, பூட்டிகினு போவப்போறான்னு வெளிய பேசிகினு கீறானுங்க. நீ எழுது. நம்ம காலேஜு வரவு செலவு, நம்ம பெரும, ஒண்ணு வுடாம. மேடையில நீயே படி. உன் குரலுக்கு ஒரு மரியாத கீது."

தமிழ்வாணன் தலையாட்டினார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"எதுக்கு ஐயா?"

"அந்த புஸ்தகம் போட்டப்பறம்."

பேசுவதற்கு அது நல்ல இடம். அந்தப் புத்தகத்தில்தான் அரண்மனையில் யார் யாருக்கு எவ்வளவு தானமாகப் போகிறது என்பதை ஜனங்கள் முதல் தடவையாகப் படித்தார்கள், மிச்சக் கணக்கை மறந்தாலும் அதை அவர்கள் மறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நெக்கர் கொஞ்ச நாளில் பதவியை விட்டுப் போனதையும் சொல்லியிருக்கலாம். அவர் கண் அலமாரியின் கைப்பிடியில் இருந்தது.

"லட்சம் பிரதி வித்துச்சுன்னு சொல்வாங்க ஐயா," என்றார்.

கண்ணாயிரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தமிழ்வாணன் தன் வெள்ளிக்கிழமையைச் சொன்னார். சேர்மன் கோபப்படுவார் என்று நினைத்தார். சேர்மன் கோபப்படவில்லை. மேசையிலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"போறியா?"

"கிடைச்சா போவேன் ஐயா."

"சரி. வியாயக்கெழம படிச்சு முடி. உன்து எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு இந்த டேபிள் மேல வெச்சிடறேன். மேடையவுட்டு எறங்குனதும் வந்து எட்துக்கோ. மூணு மாசக் காசுகூட வாணாம்." மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "வேற யாருக்குனா வெள்ளிக்கெழம கீதா?"

குமிழிச் சத்தம் கேட்டது. சொல்லமாட்டேன் என்று பூங்கொடிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நல்ல நேரத்தில் வந்தது. ஒருவருக்கு என்றால் தருவார், இருவருக்கு என்றால் யோசிப்பார் என்பதும் கூடவே வந்தது. இரண்டில் எது முன்னால் வந்தது என்பதை அவர் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

பதில் சொல்லாமல் நின்றார். சேர்மன் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை கணக்கு அலுவலர் லக்ஷ்மிநாராயணன் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து சேர்ந்த மனிதர். எதையும் இடது கையால் மறைத்துக்கொண்டே எழுதுவார்.

"இது வழக்கமான செலவு. இதை மட்டும் நீங்க எழுதினாப் போதும். இதுல வரவைக் காட்டிலும் செலவு கம்மி. இன்னொண்ணு சிறப்புச் செலவு. வட்டி, பேலஸ், சம்பள பாக்கி எல்லாம் அதுல இருக்கு. அதைப் படிச்சுட்டு எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்கோ."

"சம்பள பாக்கி எப்படி சார் சிறப்புச் செலவு?"

"எப்பவாவது கொடுக்கறதுதானே."

சொல்லிவிட்டு அவரே சிரிக்காமல் போய்விட்டார்.

தமிழ்வாணன் எழுதினார். சேர்மன் கேட்டபடி பெருமைகளை ஒன்று விடாமல் எழுதினார். செங்கமலத்தம்மாளின் வெள்ளிச் சிலை. பாட்டுக்கு ஆடும் நீரூற்று. நிறுவனர் நாள் விருந்து. கடைசியாக கிரேன் மாலை. அது ஒவ்வொரு வருடமும் நடப்பது. நாற்பது அடி ரோஜா மாலையை கிரேனில் தூக்கி, மேடைக்கு மேலே கொண்டுவந்து, மெதுவாக இறக்கி சேர்மனுக்குப் போடுவார்கள். லக்ஷ்மிநாராயணனின் முதல் தாளில் 'நிர்வாகம் செய்த செலவு: மாலை, ரூ. 1,20,000' என்று இருந்தது.

அந்த இடத்தில் தமிழ்வாணனின் பேனா நின்றது. மாலைக்கு வருடா வருடம் ஊழியர்கள்தான் பணம் போடுவார்கள். பேராசிரியர், ஓட்டுநர், கூட்டுகிறவர் எல்லோருக்கும் ஒரே தொகை, ஐநூறு ரூபாய். மற்ற வருடங்களில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இந்த வருடம் சம்பளமே இல்லாததால் கையில் வாங்கினார்கள். அவரும் கொடுத்திருந்தார். நிர்வாகம் செய்த செலவு என்று எழுதுவது பொய். ஆனால் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது. அவர் தாளில் இருந்ததை எழுதினார். வேண்டுமென்றேதான் அதைத் திருத்தாமல் விட்டாரா, தன் கவரைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டால், இரண்டும் இல்லை என்பார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. திறந்தவெளியில் பந்தல். முன்வரிசையில் பெற்றோர், வங்கிக்காரர்கள். நடுவில் மாணவர்கள். பின்னால் ஆசிரியர்கள். கடைசியில், பந்தல் முடிந்து வெயில் ஆரம்பிக்கும் இடத்தில், துப்புரவு வேலையும் விடுதிச் சமையலும் செய்கிற பெண்கள். அவர்களுக்கெல்லாம் சந்திரம்மாதான் மேஸ்திரி. பந்தலுக்குப் பக்கத்தில் கிரேன், அதன் கொக்கியில் மாலை.

தமிழ்வாணன் படித்தார். அவர் குரலுக்கு உண்மையிலேயே ஒரு மரியாதை இருந்தது. வரவு, செலவு, மிச்சம். வங்கி மேலாளர் தலையாட்டினார். சேர்மன் மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிச் சிலை வந்தது. நீரூற்று வந்தது. "நிறுவனரின் மேல் கொண்ட அன்பினால் நிர்வாகம் தன் சொந்தச் செலவில் அணிவிக்கும் மாலை, ரூபாய் ஒரு லட்சத்து இருபதாயிரம்."

கிரேன் உறுமியது. மாலை மேலே எழும்பியது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கத்தவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோல் இருந்தது.

"சார், அந்த மாலைக்கு நாங்க ஆளுக்கு ஐநூறு குட்தோமே. அது எங்க கீது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சந்திரம்மா விரல் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இருநூத்தி நாப்பது பேரு. நான்தான் எங்க ஆளுங்ககிட்ட வசூல் பண்ணி ஆபீஸ்ல கட்டினேன். இருநூத்தி நாப்பது ஐநூறு, ஒண்ணு இருபது. கணக்கு சரியாத்தான் கீது. அப்போ உங்க காசு எது சார்?"

யாரோ ஒரு ஆசிரியர் "ஆமாம்" என்றார். இன்னொருவர் சத்தமாக "ஆமாம்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் ஐந்து மாதம் இருந்தது. பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேர்மன் எழுந்து "அப்பறம் பேசிக்கலாம், அப்பறம்" என்று கையைக் காட்டிவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பேலஸில் அவர் மகள் கீர்த்தனாவின் திருமண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு பார்க்க அங்கே வந்திருந்தார்கள். கிரேன்காரர் மாலையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இயந்திரத்தை நிறுத்தினார். மாலை ஆள் இல்லாத நாற்காலிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்வாணன் மேடையிலிருந்து இறங்கி நேராக சேர்மன் அறைக்குப் போனார். ஓடவில்லை, ஆனால் நடந்தார் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் பெண்கள் அங்கே இருந்தார்கள். தினமும் அந்த அறையைக் கூட்டுகிறவள் சந்திரம்மா. அறைச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

மேசைமேல் பழுப்பு நிறக் கவர் ஒன்று இருந்தது. சேர்மன் வாக்கு தவறவில்லை. சந்திரம்மா அதைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"தமிழ்வாணன்னு போட்டுகீது. உன்துதான சார்?"

"ஆமாம்."

"எல்லாரோடதும் பீரோவுல கீது. உன்து மட்டும் ஏன் வெளிய கீது?"

வாசலில் ஆசிரியர்கள் சேர்ந்துவிட்டார்கள். பூங்கொடி முன்னால் நின்றாள்.

"எழுதிப் படிச்சா தரேன்னாரு," என்றார் தமிழ்வாணன்.

"எப்போ சொன்னாரு?" என்றாள் பூங்கொடி.

"செவ்வாய்க்கிழம."

"எனக்கும் நாளைக்குத்தான். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வேற யாருக்காவது இருக்கான்னு அவர் கேட்டாரா?"

அவர் அலமாரியைப் பார்த்தார். நீங்கள்தானே யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் என்றீர்கள் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. அது நிஜமான வாக்கியம்தான். ஆனாலும் அதைச் சொல்ல முடியவில்லை.

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

பூங்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது. குமிழிச் சத்தத்தைத் தவிர அறையில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை யாரும் விநாடி வைத்து அளக்கவில்லை.

சந்திரம்மா கவரை அவரிடம் நீட்டினாள். "எட்துக்கோ சார். அடுத்தவங்க பேப்பர புட்ச்சி வெச்சிக்கறதுக்கு நாங்க இன்னா சேர்மனா." பிறகு வாசலைப் பார்த்து, "பீரோ சாவி யார்கிட்ட?" என்றாள்.

"அவர் பாக்கெட்ல," என்றார் லக்ஷ்மிநாராயணன், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

"அப்போ அவர இட்டுகினு வந்துடலாம். அண்ணாத்த, பஸ்ஸ எடு."

பேருந்து ஓட்டுநர் மோசஸ் தலையைச் சொறிந்தார். "டீசலு போவத்தான் வரும் சந்திரம்மா. திரும்பி வராது."

"திரும்பி வரச்ச அவரு போடட்டும்."

பெண்கள் ஏறினார்கள். பூங்கொடியும் இன்னும் சில ஆசிரியர்களும் ஏறினார்கள். தமிழ்வாணனும் ஏறினார். கவர் கையில் இருந்தது. நேரே செங்கல்பட்டுக்குப் போய் ரயில் பிடித்திருக்கலாம். கடைசிக்கு முந்தின வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பின்னால் ஏறியவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பியபோது மணி மூன்று. பேலஸின் வாசலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்றில் தூண்களின் தங்க நிறம் ஏற்கெனவே உரிந்திருந்தது. புல்வெளியில் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் யாரையும் ஒன்றும் சொல்லாமல் புல்வெளியின் இன்னொரு பக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதுதான் அவர்கள் செய்தது. உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள்.

கண்ணாயிரம் வெளியே வந்தார். பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இங்க வாணாம் சந்திரம்மா. சம்பந்தி கீறாங்க."

"அதான் ஐயா வாயத் தொறக்கல. சாவிய எட்துகினு வாங்க, போலாம்."

"கார்ல முன்னாடி போறேன். நீங்க பின்னாடியே வாங்க."

"கார்ல போனா காணாம பூடுவீங்க. பஸ்ஸு கீது."

சேர்மன் சம்பந்தியிடம் போய்ச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். கல்லூரி ஊழியர்கள் அன்போடு கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தியும் கைகூப்பினார். வெள்ளை வேட்டியோடு கண்ணாயிரம் பேருந்தில் ஏறினார். தான் வாங்கிய பேருந்தில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை என்றார் மோசஸ். காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று, தமிழ்வாணன் பக்கத்தில்.

வண்டி கிளம்பியது. சவுக்குத் தோப்பு போனது. உப்பளம் போனது.

"மாலைய ஏன்யா எழுதின?"

"ஒண்ணு விடாம எழுதச் சொன்னீங்க ஐயா."

"மீதிக் கதைய நீ சொல்லவே இல்லியே. அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டேன்ல."

தமிழ்வாணன் கவரை மடியில் புரட்டினார்.

"அந்த ராஜா இன்னா ஆனான்?"

"அவரையும் அரண்மனையிலிருந்து இப்படித்தான் கூட்டிட்டு வந்தாங்க. முன்னால நின்னது பொம்பளைங்க."

"அப்பறம்?"

முன்னிருக்கையிலிருந்த பூங்கொடி திரும்பாமல் சொன்னாள். "இதையாவது முழுசா சொல்லுங்க சார்."

"சில வருஷம் கழிச்சு தலைய எடுத்துட்டாங்க," என்றார் தமிழ்வாணன்.

கண்ணாயிரம் மெல்லச் சிரித்தார். "நம்ம ஊர்ல அதெல்லாம் கெடையாது. நம்ம ஊர்ல அந்த வேலைய பேங்க்குக்காரன் பாத்துக்குவான்." பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இந்தப் பொண்ணுக்கும் நாளைக்கா?" என்றார்.

"ஆமாம் ஐயா."

"சொல்லியிருந்தா குட்திருப்பேனே. எனக்கு ரெண்டு கவரு பெருசா?"

நிஜமாகவே கொடுத்திருப்பாரா, இப்போது சொல்கிறாரா என்று தமிழ்வாணனுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பயணத்தில் அவரை அறுத்தது அந்த வாக்கியம்தான்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு பங்க்கில் மோசஸ் வண்டியை நிறுத்தினார். டீசல் கேட்டார்கள். சேர்மன் சன்னல் வழியாக அட்டையை நீட்டினார். பங்க்கில் இருந்தவர் தேய்த்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். இன்னொரு அட்டை. அதுவும் திரும்பி வந்தது. கைப்பேசியை எடுத்து, அதையும் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். பேருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பணத்தை வைத்துக்கொண்டு தராமல் இருக்கவில்லை. பணமே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சந்திரம்மா சுருக்குப் பையைத் திறந்து ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்தாள்.

"இந்தா அண்ணாத்த. இதுக்கு எவ்ளோ வருதோ அவ்ளோ போடச் சொல்லு." பிறகு சேர்மனைப் பார்த்து, "அடுத்த வருசத்து மாலைக்குன்னு வெச்சிக்கோங்க ஐயா," என்றாள்.

அவர் தலை குனிந்திருந்தார்.

ஐந்தரை மணிக்கு அலமாரி திறந்தது. அறுபத்து மூன்று பேருடைய சான்றிதழ்கள். சேர்மனே ஒவ்வொரு பெயராகப் படித்துக் கையில் கொடுத்தார். பூங்கொடியின் பெயர் நாற்பதுக்கும் மேலே வந்தது. வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனாள். தமிழ்வாணன் அடுத்த ரயிலில் போனார்.

வெளியே மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் ரோஜா கறுத்திருந்தது. வாடகை முடிந்துவிட்டது என்று கிரேன்காரர் அதை நாற்காலியின் மேலேயே இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் இருவரும் சரிபார்ப்புக்குப் போனார்கள். இருவருக்கும் வேலை கிடைத்தது. பூங்கொடி திருவண்ணாமலைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் இருக்கிறாள். தமிழ்வாணன் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். விடைத்தாள் திருத்தும் முகாமில் வருடத்துக்கு ஒரு தடவை சந்திக்கிறார்கள். பூங்கொடி நலம் விசாரிப்பாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. கீர்த்தனாவின் வரவேற்பு குறித்த நாளில் நடந்தது, பூ அலங்காரம் இல்லாமல். கல்லூரியை வேறொரு அறக்கட்டளை வாங்கியது. பேலஸை வங்கி எடுத்துக்கொண்டது. ஊழியர்களுக்கு ஐந்து மாதத்தில் மூன்று மாதச் சம்பளம் கிடைத்தது. லக்ஷ்மிநாராயணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மோசஸ் மறைமலைநகரில் ஒரு கம்பெனிப் பேருந்து ஓட்டுகிறார். சந்திரம்மாவைப் புதிய நிர்வாகம் வைத்துக்கொள்ளவில்லை. பொத்தேரியில் ஒரு மகளிர் விடுதியில் சமைக்கிறாள். கண்ணாயிரத்திடம் ஒரு லாரி மிச்சம் இருக்கிறது. அதை அவரே ஓட்டுகிறார்.